நான்கும் எட்டும்: சல்சாவைப் புதிதாய்க் கற்றோரின் வரலாறு

சல்சா நடனத்தின் முதல் வகுப்பில் கற்பிக்கப்படுவது ஓர் எண்வரிசை. ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து, ஆறு, ஏழு. நான்கையும் எட்டையும் ஆசிரியர் வாயால் சொல்வதில்லை. அவ்விரு இடங்களிலும் புதிய அடி விழுவதில்லை. உடலின் எடை ஒரு காலில் நிலைகொண்டு அடுத்த அடிக்காகக் காத்திருக்கிறது. உலகின் எந்த நகரத்தில் கற்றாலும் தொடக்கநிலை மாணவருக்கு முதல் பாடம் பெரும்பாலும் இதுவே. ஆனால் இந்நடனத்தின் முன்னோடிகளை ஹவானாவிலும் சான் ஹுவானிலும் வீட்டு முற்றத்தில் உறவினரைப் பார்த்துப் பழகிய தலைமுறையினர் எண்ணி ஆடியவர்கள் அல்லர். நடனம் முதலில் இருந்தது. எண் பின்னால் வந்தது. அது யாருக்காக வந்தது, யார் கொண்டுவந்தார்கள், வரும்போது எதை வெளியே விட்டது என்பவை நடன வரலாற்றில் போதிய கவனம் பெறாத கேள்விகள்.

இவற்றைப் புணேக்கு வடக்கே உள்ள போசரியிலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. புணே–நாசிக் நெடுஞ்சாலையில் வயல்கள் சூழ்ந்த ஊராக இருந்த போசரி, 1960களுக்குப் பின் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகளால் உருமாறியது. அண்டை ஊரான பிம்ப்ரியில் 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை வந்திருந்தது. அடுத்த பத்தாண்டில் வாகன ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகளும் பெருகின. 1970இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி ஆகிய நான்கு ஊர்களை இணைத்து நகராட்சி அமைந்தது. 1982இல் அது மாநகராட்சியானது. மராத்வாடாவிலிருந்தும் கொங்கணத்திலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஊர் இது. பிறந்த ஊரில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஆடிய ஆட்டம் இங்கே அந்தந்தக் குடும்பத்துக்குள் நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால், இருவருக்கும் சொந்தமில்லாத ஒன்றை இருவரும் கட்டணம் கட்டிக் கற்க வேண்டியிருக்கும். இருபத்தெட்டு வயதில் ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்று சொல்லி நடன வகுப்பில் சேரும் மனிதர் இத்தகைய தொழில் நகரங்களின் இயல்பான விளைபொருள். சல்சாவும் இப்படி ஒரு நகரத்தில் உருவானதுதான்.

அந்த நகரம் நியூயார்க். 1917இல் போர்த்தோரிக்கோ மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தீவிலிருந்து பெருந்திரளாக மக்கள் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தனர். தையல் தொழிற்கூடங்களிலும் உணவகங்களின் சமையற்கட்டுகளிலும் அவர்கள் வேலை பார்த்தனர். கியூபாவிலிருந்து வந்த இசைக்கலைஞர்கள் அவர்களுக்கு முன்பே அங்கு இருந்தனர். மச்சீத்தோ தம் ஆஃப்ரோ-கியூபன் இசைக்குழுவை 1940இல் தொடங்கிவிட்டார். மரியோ பௌசா அதில் கியூபத் தாளத்தையும் ஹார்லெம் ஜாஸையும் ஒன்றாக்கினார். இப்புதுக்கலவைக்குப் பெயர் மாம்போ.

மாம்போ ஆடுவதற்கு எளிதன்று. காரணம் தாளத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. திரையிசையில் வளர்ந்த இந்தியச் செவி, ஒவ்வொரு அளவின் முதல் எண்ணிலும் ஓர் அழுத்தமான தட்டை எதிர்பார்க்கிறது. கியூப இசையில் பேஸ் கருவி பெரும்பாலும் அந்த முதல் எண்ணைத் தவிர்த்துவிடும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலும் நான்கிலும் ஒலித்து, அடுத்த அளவின் தொடக்கத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டு மௌனமாகிவிடும். காங்கா முரசு இரண்டில் ஒரு வறண்ட அறையையும், நான்கிலும் அதையடுத்த அரை எண்ணிலும் இரு திறந்த முழக்கங்களையும் தருகிறது. இவற்றுக்கெல்லாம் மேலே கிளாவே என்னும் இரு மரக்குச்சிகள் இரண்டு அளவுகளுக்கு ஐந்து தட்டுகள் என, மூன்றும் இரண்டுமாகவோ இரண்டும் மூன்றுமாகவோ பிரித்துத் தட்டிக்கொண்டே இருக்கும். கருநாடக இசை பயின்றவருக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. தாளத்தின் தொடக்கத்துக்கு முன்போ பின்போ பாடலை எடுக்கும் அதீத, அனாகத எடுப்புகளை அவர் அறிவார். எனினும் அங்கே கையில் தாளம் போடப்படுகிறது. எங்கிருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். மாம்போ அரங்கில் அந்தக் கை இல்லை. ‘ஒன்று’ எங்கே என்பதை, ஒன்று ஒலிக்காமலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த இடர்ப்பாட்டை மூன்று நகரங்கள் மூன்று விதமாக எதிர்கொண்டன.

ஹவானா, இசையையே மாற்றியது. ஒர்க்கெஸ்தா அமெரிக்கா குழுவின் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹொரின், பிராதோ தெருவும் நெப்துனோ தெருவும் சந்திக்கும் முனையிலிருந்த நடனக்கூடத்தில் வாசித்துவந்தார். எதிர்த்தட்டுகள் நிறைந்த பகுதி வரும்போதெல்லாம் ஆடுவோர் தடுமாறுவதை அவர் மேடையிலிருந்தே கவனித்தார். அத்தட்டுகளைக் குறைத்து, மெட்டின் அழுத்தம் முதல் எண்ணில் தெளிவாக விழும்படி புதிய பாடல்களை எழுதினார். 1953இல் இசைத்தட்டாக வெளிவந்த ‘லா எங்கான்யதோரா’ இவ்வகையின் முதல் பெரும் வெற்றி. கூடத்திலிருந்தவர்கள் நான்காம் எண்ணை ஒட்டி மூன்று விரைவான அடிகள் வைக்க, செருப்பு தரையில் உரசிய ஒலியே வகைமைக்குப் பெயரானது என்று ஹொரின் கூறியிருக்கிறார்: சா-சா-சா. இசை வரலாற்று நூல்கள் இதனைப் புதிய வகைமை ஒன்றின் பிறப்பாகவே பதிவுசெய்கின்றன. ஆனால் நிகழ்ந்தது என்ன என்று பார்த்தால், கூடத்தின் திறன் குறைந்த ஆட்டக்காரர்கள் ஓர் இசையமைப்பாளரைத் தம் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தொடக்கநிலை மாணவர் வரலாற்றை நகர்த்திய தருணங்களில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது வேறொன்று இருப்பது அரிது.

நியூயார்க், இசையை விட்டுவிட்டுக் காலைப் பிடித்தது. பிராட்வேயும் ஐம்பத்து மூன்றாம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த பலேடியம் நடனக்கூடம் 1940களின் இறுதியில் மாம்போவுக்கு மாறியது. மச்சீத்தோ, தீத்தோ புவெந்தே, தீத்தோ ரொட்ரிகேஸ் ஆகிய மூவரின் குழுக்களும் அங்கு மாறி மாறி வாசித்தன. போர்த்தோரிக்கோக்காரர், கருப்பர், யூதர், இத்தாலியர் ஆகியோர் ஒரே தளத்தில் கைகோத்து ஆடியது அக்கால அமெரிக்காவில் சாதாரணச் செய்தியன்று. புதன்கிழமைகளில் இசை தொடங்கும் முன் வகுப்பு நடக்கும். நடத்தியவர் ‘கில்லர் ஜோ’ என்று அறியப்பட்ட ஃபிராங்க் பிரோ. கிழக்கு ஹார்லெமைச் சேர்ந்த இத்தாலிய வம்சாவளியினர். வகுப்பு முடிந்ததும் கற்றுக்கொள்வோருக்கான போட்டி, அதன் பின் தேர்ந்தவர்களின் ஆட்டம். ‘கியூபன் பீட்’ என்ற பெயரில் புகழ்பெற்ற பெட்ரோ அகிலாரும் அவருடைய இணை மில்லி டோனேயும் அத்தளத்தில்தான் உருவானார்கள். அகிலார் போர்த்தோரிக்கோவில் பிறந்தவர்; டோனே இத்தாலியக் குடும்பத்துப் பெண். பட்டப்பெயரில் உள்ள கியூபா பிறப்பிடத்தைக் குறிப்பதன்று.

பலேடியத்தின் அமைப்பில் கவனிக்க வேண்டியது, கற்பவரும் தேர்ந்தவரும் ஒரே மாலையில் ஒரே தளத்தில் இருந்தனர் என்பது. எட்டு மணிக்கு அடியெடுக்கத் தடுமாறியவர் பதினொரு மணிக்கு அகிலாரின் காலை மூன்று அடி தூரத்திலிருந்து பார்க்க முடிந்தது. வகுப்பு என்பது கூடத்தின் வாசற்படி, அதுவே கூடமாகிவிடவில்லை. பிற்காலத்தில் இவ்வுறவு தலைகீழானது.

மூன்றாவது நகரம் லண்டன். அது ஏட்டையும் தேர்வையும் நம்பியது. ஆங்கில நடன ஆசிரியர் சங்கமான இம்பீரியல் சொசைட்டி 1924இல் பால்ரூம் பிரிவைத் தொடங்கி, ஒவ்வொரு நடனத்துக்கும் அடி, கோணம், எண் ஆகியவற்றை வரையறுத்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில் ஆர்தர் மர்ரே காலடித் தடங்கள் அச்சிட்ட தாள்களை அஞ்சலில் அனுப்பி நடனம் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது. லண்டனில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் பியர், தாம் கற்பித்துவந்த ரும்பாவைச் சரிபார்க்க 1947இல் கியூபாவுக்குச் சென்றார். ஹவானாவில் ஆடுவோர் தாம் நினைத்ததைவிட வேறோர் எண்ணில் அடியை முறிப்பதைக் கண்டு, முதலில் இருந்து கற்றார். முறிப்பு இரண்டில், பின் மூன்று, நான்கிலிருந்து ஒன்றுவரை இடுப்பு நிதானமாக அமர்கிறது. இதை லண்டனில் அறிமுகப்படுத்தியபோது ஆசிரியர்களுக்கிடையே ஆண்டுக்கணக்கில் சச்சரவு நிகழ்ந்தது. ‘ரும்பாப் போர்’ என்று அதனை வேடிக்கையாகக் குறிப்பிடுவர். இறுதியில் பியரின் முறையே பாடத்திட்டமானது. ஹவானாவின் தெருவில் கற்றது ஐரோப்பாவின் தேர்வுத்தாளில் மதிப்பெண்ணாயிற்று; கற்பித்த கியூபர்களின் பெயர் அத்தாளில் இல்லை.

இம்மூன்று முறைகளுக்கும் பொதுவான ஒன்றைக் கவனித்தால், நான்கின் நிலை புலப்படும். ஹொரினின் சா-சா-சாவில் நான்கு நிரம்பியிருக்கிறது. மூன்று விரைவு அடிகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. பியரின் ரும்பாவில் நான்கு நீண்டு ஒலிக்கிறது. பால்ரூம் பள்ளிகள் மாம்போவைக் கற்பித்த முறையில் இரண்டு, மூன்று, நான்கு. ஆறு, ஏழு, எட்டு என்று அடிகள் விழுந்தன. நின்றது ஒன்றும் ஐந்தும். அதாவது 1950களில் கற்றவர் நான்கில் கால் வைத்தார். இன்று கற்பவர் நான்கில் நிற்கிறார். இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

நடந்தவற்றுள் அரசியலும் உண்டு. 1962இல் அமெரிக்கா கியூபாமீது முழு வணிகத்தடை விதித்தது. ஹவானாவிலிருந்து இசைத்தட்டும் கலைஞரும் வரும் வழி அடைபட்டது. 1966இல் பலேடியம் மூடப்பட்டது. இளைஞர்கள் ராக் இசைக்குத் திரும்பியிருந்தார்கள். 1964இல் ஜானி பச்சேகோவும் ஜெரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம், நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த போர்த்தோரிக்கோ இளைஞர்களின் இசையைக் கையில் எடுத்தது. 1971 ஆகஸ்ட் 26 அன்று சீட்டா என்ற விடுதியில் நடந்த ஃபானியா கலைஞர்களின் கச்சேரி படமாக்கப்பட்டு அடுத்த ஆண்டு திரைக்கு வந்தது. மாம்போ, குவாராச்சா, சோன் எனத் தனித்தனிப் பெயர் கொண்டிருந்தவை ‘சல்சா’ என்ற ஒரே சொல்லின்கீழ் விற்பனைக்கு வந்தன. ஸ்பானிய மொழியில் அச்சொல் உணவில் ஊற்றும் சாற்றைக் குறிக்கும். தாம் வாசிப்பது கியூப இசை, சல்சா சாப்பிடுவதற்கு உரியது என்ற பொருளில் தீத்தோ புவெந்தே நெடுநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் கோபம் நியாயமானதே. ஆயினும் பெயரில்லாத ஒன்றுக்கு வகுப்பு விளம்பரம் கொடுக்க முடியாது என்பதும் உண்மை.

எண் நுழைவது இங்கேதான். 1950இல் பிறந்து ஸ்பானிய ஹார்லெமில் வளர்ந்த எடி டோரஸ், கூடங்களில் பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றவர். அடிகளுக்குப் பெயர் தெரியாது. எந்த எண்ணில் கால் விழுகிறது என்றும் அவர் யோசித்ததில்லை. பால்ரூம் ஆசிரியையான ஜூன் லபெர்டா அவரைச் சந்தித்தபின் நிலைமை மாறியது. ஆடுவதை எண்ணச் சொன்னவர், ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் வைக்கச் சொன்னவர், இசைக்கோட்பாட்டைப் படிக்கச் சொன்னவர் லபெர்டா என்று டோரஸே தம் பேட்டிகளில் நன்றியுடன் கூறியிருக்கிறார். இருவரின் உழைப்பில் உருவான முறையில் முறிப்பு இரண்டில் விழுகிறது. காங்காவின் வறண்ட அறையும் அங்கேதான். ஆனால் அடிகள் ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து, ஆறு, ஏழு என்று செல்கின்றன. பழைய மாம்போவில் ஒன்றில் இருந்த நிறுத்தம் நான்குக்கு இடம்பெயர்ந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் பின்னர் வளர்ந்த பாணி முறிப்பையும் ஒன்றுக்கே கொண்டுவந்தது. இந்தியாவில் புதிதாய்க் கற்பவருக்கு முதலில் அமைவது பெரும்பாலும் இந்த ஒன்றின் பாணிதான். மெட்டின் தொடக்கத்தோடு காலும் தொடங்குவதால் அது எளிது.

எளிமைக்கு விலை இல்லாமல் இல்லை. நான்கில் காங்கா திறந்து முழங்குகிறது. பேஸ் அடுத்த அளவை முன்னறிவிக்கிறது. மூன்றும் இரண்டுமான கிளாவேயின் மூன்றாம் தட்டும் அங்கேதான் விழுகிறது. தாளம் மிகுந்து பேசும் இடத்தில் வகுப்பு மௌனம் காக்கிறது. தொடக்கநிலை மாணவர் பலர் பத்து வகுப்புகளுக்குப் பின்னும் ஆசிரியரின் எண்ணுக்கு ஆடுகிறார்களே தவிர இசைக்கு ஆடுவதில்லை. எண்ணுதல் நின்றதும் அவர்கள் கால் நின்றுவிடுவது இதனால்தான். கியூபாவின் காசினோ வட்டம் இதை வேறு விதத்தில் கையாண்டது. 1950களில் ஹவானாவின் மனமகிழ் மன்றங்களில் உருவான அந்நடனத்தில் இணைகள் வட்டமாக நிற்க, ஒருவர் குரல் கொடுப்பார். ‘டாமே’ என்றால் அடுத்த இணையை ஏற்க வேண்டும். தெரியாதவர் வலப்புறத்தவரைப் பார்த்து ஒட்டிக்கொள்வார். எண் இல்லை, சொல் உண்டு, சூழ உள்ளவர்கள் உண்டு. கும்மியில் சிறுமிகள் கற்கும் விதத்துக்கு இது நெருங்கியது.

தமிழ் ஆய்வாளருக்கு இவ்விடத்தில் தஞ்சை நினைவுக்கு வராமல் இராது. இரண்டாம் சரபோசியின் அவையிலும் அதன் பின்னரும் பணியாற்றிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வர் சதிர் பயிற்சியை அடவு வரிசையாக ஒழுங்குபடுத்தினர். அவர்களின் கருவி எண் அன்று, சொற்கட்டு. நட்டுவனார் தட்டுக்கழியால் மரக்கட்டையில் தட்டியபடி சொல்லும் ‘தெய்யா தெய்’யில் எந்த எழுத்து அழுந்துகிறது, எது தொங்குகிறது என்பது ஒலியிலேயே இருக்கிறது. மூன்று காலங்களிலும் அதே சொல் விரைவு மாறி வருகிறது. எண்ணுக்கு இந்த எடை கிடையாது. ‘மூன்று’ என்ற சொல் ‘இரண்டு’ என்பதைவிட வலுவாக விழ வேண்டுமா என்பதை அது சொல்லாது. ஆனால் சொற்கட்டைக் கற்பிக்க நட்டுவனார் வேண்டும். எண்ணைக் கற்பிக்க யாரும் போதும். பரவலின் வேகத்தை இந்த வேறுபாடே தீர்மானித்தது எனலாம்.

குடும்ப மரபுக்கு வெளியிலிருந்து வயதுவந்தபின் சதிர் கற்க வந்தவர்களின் கதை இதைத் தெளிவாக்கும். வழக்கறிஞரான ஈ. கிருஷ்ண ஐயர் மெலட்டூர் நடேச ஐயரிடம் பயின்று பெண்வேடமிட்டு ஆடினார். ஈஸ்தர் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பெண், ராகிணி தேவி என்ற பெயருடன் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் வந்தார். ருக்மிணி தேவி அருண்டேலின் முதல் நடனப் பாடமே மேல்நாட்டு நடனம். அன்னா பாவ்லோவாவுடனான நட்பின் வழியாக, அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். 1904இல் பிறந்த அவர், முப்பதை ஒட்டிய வயதில் கௌரி அம்மாளிடமும் தஞ்சை நால்வர் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிரின் முதல் அடவிலிருந்து தொடங்கினார். 1935 டிசம்பரில், அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் மேடையேறினார். அடுத்த மாதமே கலாக்ஷேத்திரத்தின் முன்வடிவான அமைப்பு தொடங்கப்பட்டது.

முப்பது வயதுத் தொடக்கநிலை மாணவி ஐந்தாண்டுக்குள் நிறுவனத் தலைவியாவது சாதாரணமன்று. அதை இயலச் செய்தவை அவருடைய உழைப்பும் சமூக நிலையும் ஆகிய இரண்டும்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. அவர் மேடையேறிய பன்னிரண்டு ஆண்டுகளில், 1947இல், சென்னை மாகாணம் தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. கற்க வந்தவர்களுக்கு மேடை திறந்த அதே காலத்தில், கற்பித்த குடும்பங்களின் பெண்களுக்குக் கோயிலிலும் திருமண வீட்டிலும் ஆடும் வழி அடைந்தது. சட்டத்தைக் கோரியவர்களின் நோக்கம் வேறு. முத்துலட்சுமி ரெட்டி எதிர்த்தது ஒரு சுரண்டலை. ஆனால் விளைவுகள் நோக்கத்தைக் கேட்டு நடப்பதில்லை.

சல்சாவில் நிகழ்ந்தது இதே கதையன்று. ஸ்பானிய ஹார்லெமில் வளர்ந்த டோரஸ், தம் சமூகத்தின் ஆட்டத்தைத் தாமே எண்ணி, தாமே வகுப்பாக்கினார். புவெந்தேயின் மேடைகளில் தம் குழுவோடு ஆடினார். மரபுக்காரரும் முறைப்படுத்தியவரும் ஒருவராக இருந்தது நியூயார்க்கின் பேறு. லண்டனில் அப்படி இல்லை. சென்னையிலும் அப்படி இல்லை.

இனி இந்தியா. இணைநடனம் புணேக்குப் புதியதன்று. அடைபட்டுக் கிடந்தது, அவ்வளவே. பம்பாய் மாகாண அரசு மழைக்காலத்தில் புணேயிலிருந்து இயங்கியது. ஆளுநரின் கணேஷ்கிந்த் மாளிகையில் நடனக்கூடம் இருந்தது. 1949இல் நிறுவப்பட்ட புணேப் பல்கலைக்கழகம் இன்று அம்மாளிகையில் இருக்கிறது. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து அங்கிருந்து திரும்பும்போதுதான் பிளேக் அதிகாரி ராண்ட் சாபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் நடனம் ஆட்சியாளரின் விருந்தோடு சேர்த்தே அந்நகரத்தின் நினைவில் பதிந்திருந்ததில் வியப்பில்லை. உள்ளூரில் மேடை நடனம் என்றால் லாவணி. அதை ஆடியவர்களின் சமூக நிலை தஞ்சைப் பெண்களின் நிலையினும் கடினமானது.

தாளம் மட்டும் வேறு வாயில் வழியாக வந்துசேர்ந்தது. பம்பாய் விடுதிகளில் ஜாஸ் வாசித்த கோவாக் கலைஞர்கள் இந்தித் திரையிசைக் கூடங்களுக்கு வந்தபோது ரும்பாவும் சாம்பாவும் உடன் வந்தன. அகமத்நகர் மாவட்டத்துப் புணதாம்பேயில் பிறந்து இந்துஸ்தானி இசை பயின்ற சி. ராம்சந்திரா, ‘சமாதி’ (1950) படத்தின் ஒரு பாடலுக்கு, லண்டனில் லத்தீன் இசைக்குழு நடத்திய எட்மண்டோ ராஸின் மெட்டு ஒன்றை எடுத்தாண்டார். தமிழில் 1960களின் எம். எஸ். விஸ்வநாதன் பாடல்களில் பாங்கோவும் மராக்காஸும் ஒலிப்பதைத் தனியே சுட்ட வேண்டியதில்லை. ஆகவே போசரியில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பொறியாளர் சல்சா வகுப்பில் முதன்முதலாகக் கேட்கும் தாளம், அவருடைய தாத்தா வானொலியில் கேட்ட தாளத்தின் தூரத்து உறவு. செவிக்கு அது பழகியிருக்கலாம், காலுக்குப் பழகவில்லை.

காலுக்கான வகுப்பு வந்தது 2000களில்தான். 1997இல் போர்த்தோரிக்கோவில் கூடிய சல்சா மாநாடு ஒரு புதிய வடிவத்தைத் தொடங்கிவைத்தது: பகலில் பயிற்சிப் பட்டறை, இரவில் மேடை ஆட்டமும் பொது ஆட்டமும். அவ்வடிவம் கண்டம் விட்டுக் கண்டம் சென்றது. பெங்களூரு, மும்பை, புணே ஆகிய நகரங்களில் தகவல் தொழில்நுட்பத் துறை வளர்ந்த ஆண்டுகளும் தொலைக்காட்சி நடனப் போட்டிகள் பெருகிய ஆண்டுகளும் ஒன்றே. அப்போட்டிகளில் சல்சா என்பது பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றும் வித்தையாகத் தோன்றியது. இதனால் வகுப்புக்கு வருபவரிடம் ஒரு தவறான அச்சம் குடியேறியிருக்கிறது. பொது ஆட்டத்தில் தூக்குதல் இல்லை. நெரிசலான தளத்தில் அது ஆபத்தும் அநாகரிகமும் ஆகும். அங்கே வேண்டியவை சிறிய அடிகள், தளராமலும் இறுகாமலும் இருக்கும் கைகள், இணையின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்ற உணர்வு.

இந்திய வகுப்புகளில் இந்தக் கைகள்தான் கடினமான பாடம். அறிமுகமில்லாத ஆணின் கையைப் பெண்ணும், பெண்ணின் தோள்பட்டையை ஆணும் தொடுவதற்கு நகரத் தொழிலாளர் குடியிருப்பில் வேறு இடமே இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணையை மாற்றும் வழக்கம் ஒரு கற்பித்தல் உத்தி. ஒரே துணையோடு கற்றவர் அத்துணையின் பிழைகளையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுவார். போசரி போன்ற ஊரில் அவ்வழக்கம் வேறொன்றையும் செய்கிறது. பட்டறை மேற்பார்வையாளரும் வங்கி ஊழியரும் கல்லூரி மாணவியும் சாதியும் தாய்மொழியும் கேட்காமல் மூன்று நிமிடம் கைகோக்கிறார்கள். பலேடியத்தின் புதன்கிழமைகளுக்கு இதைவிட நெருங்கிய இந்திய ஒப்புமை கிடைப்பது கடினம். அதே வேளையில் பலேடியத்தில் இருந்த ஒன்று இங்கு இல்லை. வகுப்புக்கு வெளியே கூடம் இல்லை. ஆடி முதிர்ந்த அறுபது வயதுக்காரர் மூன்று அடி தூரத்தில் இல்லை. தேர்ந்தவரைப் பார்க்கக் கைப்பேசித் திரைதான் உண்டு. வாசற்படியே வீடாகிவிட்டது.

புணேக்கும் தஞ்சைக்கும் இடையே ஒரு பழைய பாதை உண்டு என்பதையும் இங்குச் சேர்த்துப் பார்க்கலாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருந்த சரபோசியின் மராத்தி நடன உருப்படிகளை ஆச்சாரியர் பார்வதிகுமார் மீட்டெடுத்தார். அவர் மாணவியான சுசேதா பிடே சாபேகர், நால்வர் வழிவந்த கே. பி. கிட்டப்பா பிள்ளையிடமும் பயின்று, புணேயில் பள்ளி அமைத்தார். மராத்தி பேசும் சிறுமிகள் அந்நகரத்தில் தமிழ் நட்டுவனாரின் சொற்கட்டுக்குத் தட்டடவு ஆடுகிறார்கள். அவர்களைக் கேட்டால் ஆசிரியரின் ஆசிரியர் பெயரையும், ஊரையும், பாணியையும் சொல்லக்கூடும். சல்சா மாணவரைக் கேட்டால் ‘ஒன்றில் ஆடுகிறேன்’, ‘இரண்டில் ஆடுகிறேன்’ என்பார். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர் நியூயார்க் பாணி என்றோ லாஸ் ஏஞ்சலஸ் பாணி என்றோ கியூபா பாணி என்றோ ஊர்ப்பெயர் சேர்ப்பார். எடி டோரஸின் பெயரை அறிந்தவர்கள் ஆசிரியர்களில் பலர், மாணவர்களில் சிலர். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று அவரை எண்ண வைத்த ஜூன் லபெர்டாவின் பெயர் வகுப்பறைகளில் அபூர்வமாகவே கேட்கிறது.